குதிரைத்தலைக் குடும்பத்தின் கடைசிப் பெண்

அவருடைய குடும்பம் அழிந்துபோய்விட்டது என்று சுவீடனில் அச்சிட்ட ஒரு புத்தகம் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், பலெர்மோவில் நான் அவருக்குக் காலைக் கோப்பி ஊற்றிக்கொண்டிருந்தேன். அந்தப் புத்தகத்தை அவரேதான் எடுத்துக் காட்டினார். குடும்பப் பெயர், அதன் கீழே குதிரைத்தலை போட்ட கேடயத்தின் படம், அதற்கும் கீழே சிறிய எழுத்தில் ஒரு வரி. ஆண்வழி முடிந்தது என்பது அதன் பொருள். சுவீடன் நாட்டுப் பிரபுக் குடும்பங்களில் பெயரும் பட்டமும் ஆண்பிள்ளை வழியாகத்தான் இறங்குமாம். அவருடைய தம்பி பிள்ளையில்லாமல் இறந்த அன்றைக்கு அந்த வரியைச் சேர்த்துவிட்டார்கள்.

"அப்ப நீங்கள்?" என்று கேட்டேன்.

"நான் பொம்பிளை. என்னை எண்ணுறேல்லை," என்றார். அதில் கோபம் இருந்த மாதிரித் தெரியவில்லை. கோப்பிக்குச் சீனி போதும் என்று சொல்கிற குரல்தான்.

நாங்கள் கதைத்தது இத்தாலியனில். இரண்டு பேருக்கும் அது இரவல் பாஷை. அவருடையது புத்தகத்து இத்தாலியன், என்னுடையது சந்தை இத்தாலியன். அவர் சொன்னதை இங்கே என் பேச்சில்தான் என்னால் சொல்ல முடியும். ஒன்று மட்டும் குறிப்பிட வேண்டும். நான் வேலை செய்த மற்ற வீடுகளில் எல்லாம் என்னை 'நீ' என்றுதான் கூப்பிட்டார்கள். இவர் கடைசிவரை 'நீங்கள்' என்றார். அது அன்பினால் அல்ல. அவருக்கு எல்லோரும் 'நீங்கள்'தான், கீழ்மாடிப் பல் வைத்தியர் வீட்டுப் பூனை உட்பட.

அந்த வேலையை எனக்குப் பிடித்துத் தந்தவள் சாந்தி. அவளும் நானும் பலெர்மோவில் சீசா என்ற பகுதியில் ஒரே கட்டடத்தில் இருந்தோம். "ஒரு சுவீடன் மனுசி, தனிய இருக்கிறா. எண்பது தாண்டிட்டா. சமையல், துப்புரவு, பின்னேரம் ஒரு நடை. பிழையான ஆள் இல்லை. ஆனா கொஞ்சம் ஒரு மாதிரி," என்றாள். எந்த மாதிரி என்று அவள் சொல்லவில்லை.

வீடு மத்திய ரயில் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடை. மூன்றாம் மாடி. உயரமான கூரை, அதில் ஈரம் ஏறி உப்பிப்போன சித்திரம். வரவேற்பறையில் ஒரு நாற்காலியைத் தவிர மற்ற நாற்காலிகளில் எல்லாம் அட்டைப்பெட்டிகள். சப்பாத்து வாங்கும்போது தருகிற பெட்டிகள். அவற்றுக்குள் உள்ளங்கை அளவு மட்டைகள், நூற்றுக்கணக்கில். ஒரு மட்டைக்கு ஓர் ஆள். குதிரைத்தலைக் கேடயத்தைத் தாங்கிய அந்தக் குடும்பத்தில் பிறந்தவர்கள், வந்து சேர்ந்தவர்கள் எல்லோரையும் அவர் எழுதிக்கொண்டிருந்தார். சுவீடனில் ஊர்த் தேவாலயங்களின் பழைய பதிவேடுகளைக் கணினியில் பார்க்கலாமாம். மூக்குக் கண்ணாடிக்கு மேலே ஒரு பூதக்கண்ணாடியையும் பிடித்துக்கொண்டு, விடிந்ததிலிருந்து மத்தியானம் வரை திரையோடு ஒட்டிக்கொண்டிருப்பார்.

மட்டைகளைத் தூசு தட்டும்போது எனக்கு ஒரு சொல் பழகிவிட்டது. சுவீடன் பாஷையில் எனக்குத் தெரிந்த ஒரே சொல் அதுதான். பெரும்பாலான மட்டைகளில் ஏதாவது ஓரிடத்தில் அது இருக்கும். பிறந்த தேதிக்கு நேரே, தாயின் பெயருக்கு நேரே, இறந்த காரணத்துக்கு நேரே. என்ன என்று கேட்டேன். 'நொன் ஸி ஸா' என்றார். தெரியாது.

"இவ்வளவு பேருக்குமா தெரியாது?"

"தெரியாததை வேறை எப்பிடி எழுதுறது?"

அவரை விவரிக்க இந்த ஒரு கேள்வியே போதும் என்று இப்போது நினைக்கிறேன். தெரியாததை எழுத மாட்டார். தெரிந்ததை விடவும் மாட்டார். இந்த இரண்டுக்கும் இடையில் மனிதர் வாழ்வதற்கு எவ்வளவு குறுகலான இடம் இருக்கிறது என்பது அவரோடு இருந்தபோதுதான் எனக்கு விளங்கியது.

பின்னேர நடை பல்லரோச் சந்தைக்கு. அங்கே ஒரு மீன்காரர். தொண்டை வலிக்கக் கூவி விற்கிறவர். முதல் நாள் சிஞ்ஞோரா, அவரை நான் அப்படித்தான் கூப்பிடுவேன், ஒரு சாளை மீனைத் தூக்கிப் பார்த்து, எப்போது பிடித்தது என்று கேட்டார்.

"இண்டைக்குக் காலமை, சிஞ்ஞோரா!"

"நீங்கள் படகிலை இருந்தனீங்களோ?"

"இல்லை."

"அப்ப உங்களுக்குத் தெரியாது."

சந்தையில் அந்தப் பக்கம் முழுக்கச் சிரித்தது. மீன்காரருக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனால் அவர் நல்ல மனிதர். அடுத்த வாரத்திலிருந்து எங்களைத் தூரத்தில் கண்டதுமே இரண்டு கையையும் வானத்துக்கு உயர்த்தி, "நொன் லோ ஸோ, சிஞ்ஞோரா! எனக்குத் தெரியாது!" என்று கத்துவார். சிஞ்ஞோரா திருப்தியாகத் தலையாட்டி, ஒரு கிலோ வாங்குவார்.

எனக்கு அது பகிடியாக இருந்தது, என் தலையில் விழும்வரை. வேறொரு வீட்டில் இரவு வேலை ஒன்று கிடைக்கப்போவதாக இருந்தது. நற்சான்றுக் கடிதம் கேட்டார்கள். சிஞ்ஞோரா உடனே எழுதித் தந்தார், அழகான கையெழுத்தில். நான் நேர்மையானவள், சுத்தமாகச் சமைப்பவள், வயதானவர்களைக் கண்ணியமாகக் கையாள்பவள். செவ்வாய்க்கிழமைகளில் பத்து நிமிடம் பிந்தி வருபவள். இதுவரை நான்கு கண்ணாடிக் குவளைகளை உடைத்திருப்பவள்.

"சிஞ்ஞோரா, அந்தக் குவளைக் கதையை விட்டிருக்கலாம்தானே?"

"விட்டால் நேர்மையானவ எண்டு எழுதினதை அவை எப்பிடி நம்புவினம்?"

அந்த வேலை வேறொருத்திக்குப் போயிற்று. சாந்தி என்னைப் பார்த்து, "சொன்னனான்தானே, ஒரு மாதிரி எண்டு," என்றாள்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் குடும்பத்துக் கதைகளைச் சொல்வார். பெருமைக்காகச் சொன்னார் என்று சொல்ல முடியாது. அன்று காலை திரையில் கண்டுபிடித்ததை யாரிடமாவது சொல்ல வேண்டும், அந்த வீட்டில் என்னைத் தவிர யாரும் இல்லை. கேடயத்தில் குதிரைத்தலை எப்படி வந்தது என்பதற்கு ஒரு பரம்பரைக் கதை இருந்தது. போர்க்களத்தில் அரசனின் குதிரை விழுந்தபோது முதல் முப்பாட்டன் தன் குதிரையைக் கொடுத்து அரசனைக் காப்பாற்றினான். அதற்காக அரசன் அவனைப் பிரபுவாக்கினான். ஸ்டொக்ஹோமில் பிரபுக்களுக்கென்று ஒரு மாளிகை இருக்கிறதாம். அங்கே குடும்பம் குடும்பமாகச் செப்புத் தகட்டுக் கேடயங்களைச் சுவர் தெரியாமல் தொங்கவிட்டிருப்பார்களாம். இவர்களுடைய தகடும் அங்கே இருக்கிறது. சின்ன வயதில் தகப்பனார் கூட்டிப்போய்க் காட்டி, அந்தக் கதையைச் சொன்னாராம்.

"பொய்," என்றார் சிஞ்ஞோரா. "அந்தாள் குடுக்கேல்லை. படைக்காரர் பறிச்சுக்கொண்டு போனவை. அதுக்குப் பிறகு ஏழு வரியம் விடாமல் அரசனுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார், என்ர குதிரை எங்கை, என்ர குதிரை எங்கை எண்டு. எல்லாக் கடிதமும் கிடைச்சிட்டுது. தாங்கேலாமல்தான் பட்டம் குடுத்திருக்கினம்."

நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். அவர் சிரிப்பது அபூர்வம்.

எல்லாக் கதையும் சிரிக்கிற கதை இல்லை. குடும்பத்தில் ஒரு பெண் பக்திப் பாடல்கள் எழுதிப் புகழ்பெற்றவர். அந்தப் பாடல்களைக் கட்டியவள் அவருடைய வீட்டு வேலைக்காரி என்பதைச் சிஞ்ஞோரா கண்டுபிடித்து, வேலைக்காரிக்கு ஒரு மட்டை போட்டார். இன்னொருவர் ஒரு மாகாணத்துக்கே ஆளுநராக இருந்தவர், பாலம் கட்டியவர், பள்ளிக்கூடம் திறந்தவர். கரீபியன் கடலில் சுவீடனுக்கு ஒரு சின்னத் தீவு இருந்ததாம். அங்கே அடிமைகளை ஏற்றி இறக்கிய ஒரு கப்பலில் அவருக்குப் பங்கு இருந்தது. ஆளுநரின் மட்டையில் பாலம் முதல் வரி, கப்பல் இரண்டாம் வரி. ஏற்றிய ஆட்களின் பெயர்கள் என்ற இடத்தில் எனக்குத் தெரிந்த அந்தச் சொல். அன்றைக்கு அவர் மத்தியானம் சாப்பிடவில்லை.

தம்பியின் செத்தவீட்டையும் ஒருநாள் சொன்னார். வம்சத்தில் கடைசி ஆண் இறந்தால், மரத்தில் செய்த குடும்பக் கேடயத்தைச் சவப்பெட்டிக்கு முன்னால் உடைப்பது அவர்கள் வழக்கமாம். பலெர்மோவிலிருந்து போய் முன்வரிசையில் நின்றிருக்கிறார். முதல் அடியில் உடையவில்லை. இரண்டாம் அடியிலும் இல்லை. உடைத்தவருக்கு வியர்த்துவிட்டது. "மூண்டாவது அடி. அதையும் எழுதியிருக்கிறன்," என்றார். தம்பியைப் பற்றி வேறு எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அவர் பலெர்மோவுக்கு ஏன் வந்தார் என்பதை மட்டும் ஒருமுறை கேட்டிருக்கிறேன். ஒரு குளிர்காலத்துக்குப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்க வந்தாராம். "பிறகு ஏன் நிண்டனீங்கள்?" என்றேன். கொஞ்சம் யோசித்தார். நேர்மையாகத்தான் யோசித்தார், நெற்றி சுருங்கியதைப் பார்த்தேன். "தெரியாது," என்றார்.

ஈஸ்டரை ஒட்டி ஸ்டொக்ஹோமிலிருந்து ஓர் உறவினர் வந்தார். தகப்பனாரின் தங்கை வழிப் பேரன். அறுபது வயது, நல்ல உடுப்பு, நல்ல மணம். வரும்போது எனக்கும் ஒரு சொக்கிலேற் பெட்டி கொண்டுவந்தார். குடும்ப வரலாற்றை அழகான புத்தகமாக அச்சிடும் பொறுப்பைத் தான் எடுப்பதாகச் சொல்லத்தான் வந்திருந்தார். தளபதி, ஆளுநர், உலகம் சுற்றிப் பாசி சேகரித்த தாவரவியல்காரர், பாடல் எழுதியவர் என்று புகழ்பெற்றவர்களை மட்டும் எடுத்து, படங்களோடு. இரண்டு நாள் வரவேற்பறையில் சுவீடன் பாஷையில் கதைத்தார்கள். குரல் உயரவேயில்லை. நான் தேத்தண்ணி கொண்டுபோகும்போது உறவினர் முகம் மட்டும் ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் வெளிறியிருந்தது.

அவர் போன பிறகு சிஞ்ஞோரா நடந்ததை எனக்குச் சொன்னார். அதில் ஒரு விசேஷம், அந்த மனிதரின் பக்கத்தை எவ்வளவு சரியாகச் சொன்னார் என்றால், கேட்டு முடிக்கும்போது எனக்கு அந்த உறவினர் சொன்னதுதான் நியாயம் என்று பட்டது. செத்துப்போனவர்கள் மறுமொழி சொல்ல முடியாது. அவர்களுடைய குற்றத்தை நாங்கள் ஏன் அச்சில் போட வேண்டும்? இதுதான் அவர் கேட்டது.

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"நல்லதுக்கும் அவை மறுமொழி சொல்லேலாது எண்டு சொன்னன்."

"அப்ப புத்தகம்?"

"அவர் போடமாட்டார். பாவம், நல்ல மனுசன்."

இனி என் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. சொல்லாமல் அவருடைய கதை முடியாது.

நான் வன்னியிலிருந்து வந்தவள். கலியாணம் கட்டி இரண்டு வருடம். போரின் கடைசி நாட்களில், சனத்தோடு சனமாகத் தண்ணீரைக் கடந்துகொண்டிருந்தபோது, பின்னால் ஒரு கிழவர் விழுந்துவிட்டார். என் கணவர் கையிலிருந்த பையை என்னிடம் தந்து, "நீ போ, வாறன்," என்று திரும்பினார். அதற்குப் பிறகு அவரைக் கண்டவர்கள் இல்லை. முகாமில் தேடினேன். பட்டியல்களில் தேடினேன். படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, ஆட்களைத் தேடுகிற மற்றப் பெண்களோடு றோட்டோரப் போராட்டத்தில் இருந்தேன். பிறகு அண்ணன் கடன்பட்டு என்னை வெளியே அனுப்பினார்.

பலெர்மோவில் யோகனைக் கண்டபோது எனக்கு நாற்பத்தொரு வயது. மன்னார்ப் பக்கத்து ஆள். ஹொட்டேல் ஒன்றின் சமையலறையில் வேலை. அதிகம் கதைக்காதவர். இரண்டு வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் மரக்கறி கொண்டுவந்து தந்துவிட்டுப் போவார். ஒரு ஞாயிறு போகாமல் வாசலில் நின்று, "எனக்குச் சம்மதம். உங்களுக்கு எப்ப சம்மதமோ அப்ப சொல்லுங்கோ," என்றார். எனக்கு எப்போது என்று கண்டுபிடிக்க இன்னும் ஒரு வருடம் எடுத்தது.

எழுத்துக்கு, அதாவது கலியாணப் பதிவுக்கு, கடதாசி வேண்டும். நான் யாருடைய மனைவியும் இல்லை என்று காட்ட வேண்டும். காணாமற்போனவர்களுக்கு மரணச் சான்றிதழ் எடுக்கலாம் என்று ஊரில் ஒரு வழி இருந்தது. வருடக்கணக்கில் நான் மாட்டேன் என்றிருந்தேன். மாமியார் இறந்த பிறகு மச்சாள்தான் எடுத்து அனுப்பினாள். அதில் ஒரு தேதி இருந்தது. அந்தத் தேதியை யார் தெரிந்தெடுத்தார்கள் என்று அவளிடம் நான் கேட்கவில்லை. நாலாக மடித்து வைத்திருந்தேன்.

சாட்சிக்கு ஆள் தேவைப்பட்டபோது சாந்தி ஒருத்தி. மற்றதுக்குச் சிஞ்ஞோராவைக் கேட்டேன். நான் ஏன் அவரைக் கேட்டேன் என்று யோகன் பிறகு கேட்டார். அந்த ஊரில் என்னை ஏழு வருடம் தினமும் பார்த்தவர் வேறு யாரும் இல்லை.

"உங்கட புருசன்?" என்றார் சிஞ்ஞோரா.

"பேப்பர் வந்திட்டுது."

அவர் கையிலிருந்த மட்டையைப் பெட்டியில் செருகினார். பிறகு, "வாறன்," என்றார்.

எழுத்து நாளன்று சாம்பல் நிறச் சட்டையும் பழைய முத்துமாலையும் போட்டு, வாடகைக் காரில் எனக்கு முன்னமே நகரசபை மண்டபத்துக்கு வந்து நின்றார். நான் சேலையைச் சரிசெய்யத் தடுமாறியபோது என் பூச்செண்டை வாங்கித் தன் கையில் வைத்துக்கொண்டார். அதிகாரி மூவர்ணப் பட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, சட்டப் பிரிவுகளை வாசித்தார். பிறகு எங்களுடைய பெயர், பிறந்த இடம், நிலை. என் நிலை என்ற இடத்தில் 'வேதொவா' என்று வாசித்தார். விதவை. அந்தச் சொல்லை ஒருவர் சத்தமாக என்னைப் பார்த்துச் சொன்னது அதுதான் முதல் தடவை. நானும் யோகனும் கையெழுத்து வைத்தோம். சாந்தி வைத்தாள்.

சிஞ்ஞோரா கண்ணாடியை மாட்டி, முழுக் கடதாசியையும் வாசித்தார். அடுத்த சோடி வாசலில் காத்துக்கொண்டிருந்தது. அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சிஞ்ஞோரா பேனையை மேசையில் மெதுவாகப் படுக்க வைத்தார்.

"இதிலை நான் கையெழுத்து வைக்கேலாது."

"ஏன், சிஞ்ஞோரா?" என்றார் அதிகாரி.

"இவ விதவை எண்டு போட்டிருக்கு. அது ஆருக்கும் தெரியாது."

வாசலில் நின்ற சோடி உள்ளே எட்டிப் பார்த்தது.

"நீங்கள் அதுக்குச் சாட்சி இல்லை. கலியாணத்துக்குத்தான் சாட்சி," என்று அதிகாரி பொறுமையாகவே சொன்னார்.

"கலியாணத்துக்குச் சாட்சி சொல்லுவன். இவை ரெண்டு பேரும் விரும்பினம், அதை நான் கண்ணாலை பாத்தனான். ஆனா கடதாசி ஒண்டுதானே? ரெண்டாய்ப் பிரிச்சுத் தந்தால் வைக்கிறன்."

பிரித்துத் தர முடியாது. யோகனோடு வேலை செய்கிற ஓர் இத்தாலியர், படம் எடுக்க வந்தவர், கையைத் துடைத்துக்கொண்டு வந்து கையெழுத்து வைத்தார். எல்லோரும் கைதட்டினார்கள். சிஞ்ஞோராவும் தட்டினார், பூச்செண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு. பிறகு அதை என்னிடம் நீட்டினார். நான் வாங்கவில்லை. சாந்திதான் வாங்கினாள்.

இரண்டு கிழமை நான் வேலைக்குப் போகவில்லை. தொலைபேசி எடுக்கவும் இல்லை. அவர் எடுத்துப் பார்க்கவும் இல்லை. எங்கிருந்தோ வந்த ஒரு கிழவிக்கு என் வாழ்க்கையில் என்ன உரிமை என்று சாந்தியிடம் கத்தினேன். உண்மையில் எனக்குக் கோபம் எதில் என்றால், அந்த மண்டபத்தில் அவர் சொன்னபோது என் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று, 'ஓம்' என்று சொல்லிவிட்டது. கலியாணச் சேலையோடு நின்றுகொண்டு அதை எப்படிக் கேட்பது?

பதினைந்தாம் நாள் யோகன், "நான் போய்க் கதைச்சிட்டு வாறன்," என்று வெளிக்கிட்டார். அவர் யாரோடும் சண்டை பிடித்து நான் கண்டதில்லை. அன்றைக்கு முகம் சரியில்லை. போய் மூன்று மணித்தியாலம் ஆளைக் காணோம். வந்ததும் சப்பாத்தைக் கழற்றாமல் கதிரையில் இருந்தார்.

"என்னவாம்?"

"கோப்பி தந்தவ. ஒரு மட்டை காட்டினவ."

அந்தக் குடும்பத்தில் ஒரு கப்டன் இருந்தானாம். ரஷ்யாவோடு நடந்த போரில் தோற்று, கைதியாகி, ஆயிரக்கணக்கானவர்களோடு கிழக்கே நடத்திக்கொண்டு போகப்பட்டவன். ஓர் ஆற்றங்கரையில் நடந்துபோனதைக் கண்ட ஒருவர் இருக்கிறார். அதற்குப் பிறகு, தெரியாது. பெண்சாதி பதினொரு வருடம் இருந்து பார்த்தாள். பிறகு ஊர்ப் பாதிரியார் அவன் செத்துப்போனான் என்று பதிவேட்டில் எழுதி, பக்கத்துப் பண்ணைக்காரனுக்கு அவளைக் கட்டிவைத்தார். மூன்று பிள்ளைகள். பிரபுக்களின் புத்தகத்தில் அந்தப் பிள்ளைகள் இல்லை. அவர்கள் குதிரைத்தலைக் குடும்பத்தின் இரத்தம் இல்லையே. சிஞ்ஞோரா மூன்று பேருக்கும் மட்டை போட்டிருக்கிறார். பாதிரியார் எழுதியது பொய் என்றும் எழுதியிருக்கிறார்.

"அவள் செய்தது சரியோ பிழையோ எண்டு கேட்டன்," என்றார் யோகன்.

"தெரியாது எண்டிருப்பா."

"ஓம். ஆனா ஒண்டு தெரியுமாம். ரெண்டாம் கலியாணம் முடிச்சு மூண்டாம் வரியம், கோயிலிலை பிரசங்கம் நடக்கேக்கை சத்தம்போட்டுச் சிரிச்சதுக்காக அவளையும் புருசனையும் கூப்பிட்டுக் கண்டிச்சிருக்கினம். பதிவேட்டிலை இருக்காம். அவளைப் பற்றி எழுதினதிலை தனக்கு ஆகப் பிடிச்ச வரி அதுதானாம்."

நான் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன்.

"அந்த மனுசி பொய் சொல்லேல்லை," என்றார் யோகன், சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே. "கடதாசிக்காக நாங்கள்தான் சொன்னனாங்கள். சொல்லாமல் முடியாது, சொன்னனாங்கள். அவ்வளவுதான்."

பிறகு எழும்பி, என் பெட்டி எங்கே இருக்கிறது என்று கேட்டார். உடுப்புகளுக்கு அடியிலிருந்து என் முதல் கணவரின் படத்தை எடுத்தார். றோட்டோரம் நான் பிடித்துக்கொண்டிருந்த அதே படம், மூலை மடிந்தது. அடுத்த நாள் சட்டம் போட்டுக்கொண்டு வந்து, முன்னறைச் சுவரில், எங்களுடைய எழுத்துப் படத்துக்குப் பக்கத்தில் ஆணி அடித்தார்.

"மாலை போடுறதோ?" என்று சாந்தி கேட்டாள். படத்துக்கு மாலை போட்டால் ஆள் இல்லை என்று அர்த்தம்.

"போடுறேல்லை," என்றார் யோகன்.

திங்கட்கிழமை வேலைக்குப் போனேன். சிஞ்ஞோரா மன்னிப்புக் கேட்கவில்லை. இரண்டு கிழமையாகத் தானே சமைத்ததில் ஒரு சட்டி அடிப்பிடித்துவிட்டது என்றும், பிழை தன்னுடையது என்றும் அறிவித்தார். சட்டியைச் சொல்கிறாரா என்று எனக்கு நிச்சயமில்லை. நான் தேய்த்துக் கழுவினேன்.

கோடை முடிகிற நேரம் ஒரு ஞாயிறு எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். பஸ்சில் வந்து, நாலு மாடி ஏறி, ஒவ்வொரு மாடியிலும் நின்று மூச்சுவிட்டு. உள்ளே வந்ததும் சுவரில் இருந்த படத்தைக் கண்டார். கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு கிட்டப் போனார். எப்போது எடுத்தது, யார் எடுத்தது, போட்டிருக்கும் சேர்ட் என்ன நிறம் என்று கேட்டார். படம் கறுப்பு வெள்ளைப் பிரதி. நான் நிறத்தைச் சொன்னேன். நீலம், கோடு போட்டது, ஒரு பொத்தான் மட்டும் வேறு நிறம், நான் தைத்தது. இத்தனை வருடத்தில் அதை யாரும் என்னிடம் கேட்டதில்லை. எந்த விசாரணையிலும் கேட்டதில்லை. சிஞ்ஞோரா கேட்டுத் தலையாட்டிவிட்டு, சோறும் கணவாய்க் கறியும் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார். உறைப்பு அதிகம் என்றார்.

அந்த மாரியில் அவர் இறந்தார். ஆஸ்பத்திரியில் மூன்று நாள். கடைசி நாள் வைத்தியர் குனிந்து, வலிக்கிறதா என்று கேட்டார். கொஞ்சம் என்றார். பயமாக இருக்கிறதா என்று கேட்டார். அதற்கும், கொஞ்சம் என்றார். பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்து, அன்றைக்குச் செவ்வாய்க்கிழமையா என்று கேட்டார். ஓம் என்றேன். நேரத்துக்கு வந்திருக்கிறீர்கள் என்றார்.

அடக்கத்துக்கு ஸ்டொக்ஹோமிலிருந்து அந்த உறவினர் வந்தார். பெண்ணுக்குக் கேடயம் உடைப்பதில்லை. எட்டுப்பேர்தான் நின்றோம், மீன்காரர் உட்பட. பிறகு உறவினரும் நானும் இரண்டு நாள் இருந்து மட்டைப்பெட்டிகளை ஒழுங்காகக் கட்டினோம். ஆளுநரின் மட்டையைக் கையில் எடுத்து வெகுநேரம் வாசித்துக்கொண்டிருந்தார். கிழிப்பாரோ என்று பார்த்துக்கொண்டு நின்றேன். எடுத்த இடத்திலேயே செருகிவிட்டார். புத்தகமாகப் போட்டாரா, போட்டால் எவ்வளவை விட்டார் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

நாங்கள் இப்போதும் சீசாவில்தான் இருக்கிறோம். போன மாதம் கீழ்மாடிக்குப் புதிதாக ஒரு குடும்பம் வந்தது. யாழ்ப்பாணத்து ஆட்கள். அந்தப் பெண் எங்களைப் பார்க்க மேலே வந்தாள். கதிரையில் இருந்தவள் சுவரைப் பார்த்தாள்.

"இது ஆர், அண்ணை? உங்கட தம்பியோ?"

"இல்லைத் தங்கச்சி. இவவின்ர மனுசன்," என்றார் யோகன்.

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். பக்கத்தில் இருந்த எழுத்துப் படத்தைப் பார்த்தாள்.

"அப்ப நீங்கள்?"

"நானும் இவவின்ர மனுசன்தான்."

அவள் கதிரை நுனிக்கு நகர்ந்தாள். குரலைத் தாழ்த்தி, "அவர் இப்ப எங்கை?" என்றாள்.

"தெரியாது," என்றார் யோகன். பிறகு என் பக்கம் திரும்பி, தங்கச்சிக்குத் தேத்தண்ணி போடச் சொன்னார்.